வடிவு வீட்டு வாசப்படி

உக்காருங்க சார், இந்தப் பக்கம் நிழல் இருக்கு. சங்கரன்கோவில் பஸ்ஸுக்கா? இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது வர முக்கால் மணி நேரமாவது ஆகும். நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து உக்காருதவன். இந்த ஸ்டாப்பு பஸ் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பையில இருந்து ஸ்குரு டிரைவர் எட்டிப் பாக்குதே, என்ன வேலை? தராசு ரிப்பேரா? கடையில வச்சிருக்காங்களே, நம்பர் ஓடுமே, அதா? நல்ல வேலை சார். தப்பாக் காட்டினா கழட்டிப் பாத்துச் சரி பண்ணிடலாம். நான் ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லுல ஸ்டோர் கீப்பர். முப்பத்தோரு வருஷம். ஆவுடையப்பன்னு மில்லு கேட்டுல சொன்னா தெரியும். ஒரு போல்ட்டு, ஒரு நட்டு, கையெழுத்து இல்லாம வெளிய போனது கிடையாது. சொன்னா சொன்னதுதான். அதுக்காகவே என்னைச் சிலபேருக்குப் பிடிக்கும், சிலபேருக்குப் பிடிக்காது. பிடிக்காதவங்க கொஞ்சம் ஜாஸ்தி.

எதிர்த்தாப்ல பச்சைக் கதவு வீடு தெரியுதா? என் தங்கச்சி வீடு. வடிவு. கதவு திறந்துதான் கிடக்கு. தலையைக் கொஞ்சம் இப்படிச் சாச்சுப் பாருங்க. உள்ள கட்டில் தெரியுதா? கால்மாட்டுல ரெண்டு பாதம் தெரியுதா? அதான் வடிவு.

கணையத்துல கட்டி. தை மாசம் கண்டுபிடிச்சாங்க. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினாங்க. எல்லாம் பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிடிச்சதைக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. அவளுக்குப் பிடிச்சது பூண்டுக் குழம்பு. இப்ப ரெண்டு கரண்டி கஞ்சி இறங்கினா பெரிய விஷயம். என்னை விட ஆறு வயசு சின்னவ சார்.

அப்புறம் நீ ஏன்யா ரோட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கன்னு பாக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்காங்க. டீக்கடைக்காரர் இப்ப பாக்கிறதை விட்டுட்டாரு. சொல்லுதேன். நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொல்லலாம்.

வடிவுக்கு ஒரே பொண்ணு, மாலினி. போன வருஷம் ஆனி மாசம் கல்யாணம். தாய்மாமன் நான். எங்க பக்கத்து வழக்கம் என்னன்னா, பத்திரிகை அடிச்சதும் முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் வரணும். தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, அப்பாவும் அம்மாவும் சேந்து நேர்ல வந்து குடுக்கணும். அதுக்கப்புறந்தான் மத்த ஆளுக்கெல்லாம். நான் நாலு நாளா வெள்ளை வேட்டியைத் தேச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். சாயந்திரம் மில்லுல இருந்து வந்து போனைப் பாக்கேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல கிடக்கு சார், பத்திரிகை! வடிவு கொழுந்தன் பாத்தாச்சு, சித்தப்பா மக்க பாத்தாச்சு, எவனோ தூரத்துச் சொந்தம் பெருவிரலைத் தூக்கிக் காட்டிட்டான். நான் பதினாறாவது ஆளு. எண்ணிப் பாத்தேன். பதினாறாவது!

வடிவு வீட்டுக்காரரு திருமலைக்குமாரு, சாதுவான மனுசன். பிரஸ்காரருக்கு ‘அடிச்சது நல்லா வந்திருக்கு’ன்னு படம் எடுத்து அனுப்ப வேண்டியதை, கைதவறி குரூப்புல போட்டுட்டாராம். அது எனக்கு அப்புறந்தான் தெரியும். அன்னைக்குத் தெரியாதுல்லா. உடனே பஸ் ஏறி வந்தேன். இதே ஸ்டாப்புதான். நேரா போயி அந்த வாசப்படியில ஏறி நின்னு சத்தம் போட்டேன். வடிவு சமையக்கட்டுல இருந்து ஓடி வந்தா, கையெல்லாம் மாவு. “அண்ணே, உள்ள வாண்ணே, உக்காந்து பேசுண்ணே”ங்கா. நான் சொன்னேன், “இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிச்சேன்னா என் பேரு ஆவுடையப்பன் இல்ல.” சொல்லிட்டு இறங்கினேன். இறங்கும்போது பாத்தேன் சார், உள்ள மேசை மேல தட்டு இருந்துச்சு. வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், மேல மஞ்சள் தடவின பத்திரிகை. மறுநாள் காலையில எனக்குக் கொண்டு வரத்தான் எடுத்து வச்சிருக்கா.

பாத்தேன். பாத்துட்டும் வந்துட்டேன். சொன்னது சொன்னதுதானே.

கல்யாணத்துக்குப் போகாம இருந்துருவேனா? போனேன். கல்யாணம் மண்டபத்துல. மண்டபத்து வாசப்படியை நான் ஒண்ணும் சொல்லலையே. மாமன் சீர் குறை வைக்கல, மாலை போட்டேன், பந்தியில கூட நின்னு பரிமாறினேன். வடிவு சிரிச்சிக்கிட்டே என் இலையில ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தினா. “எத்தனை நாளைக்குண்ணே?”ன்னு கேட்டா. “பாப்போம்”னேன். உண்மையைச் சொல்லணும்னா, ஆடி மாசம் போயிருப்பேன் சார். எப்பவும் அப்படித்தான். இதுக்கு முன்னால மூணு தடவை அந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஒரு மாசம், ஒன்றரை மாசம், அதுக்கு மேல தாங்கினது இல்ல. பூண்டுக் குழம்பு வச்சிருக்கேன்னு ஒரு போன் வரும், எந்திரிச்சு வந்துருவேன். அவளும் அதைப் பேசமாட்டா.

நடுவுல வந்துச்சு அந்தப் பயிற்சி.

ஆடி மாசம் மில்லுல புது ஹெச்.ஆர். வந்தாரு. எல்லாருக்கும் மனசு உறுதியா இருக்கணும்னு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. நல்லாப் பேசுனாங்க, குறை சொல்லக்கூடாது. “உங்களை நீங்களே தெரிஞ்சுக்கணும். கஷ்டம் வரும்போது எது உங்களைப் பிடிச்சு நிறுத்தும்னு தெரிஞ்சவங்களை எதுவும் சாய்க்க முடியாது”ன்னாங்க. ஆளுக்கு ஒரு தாள். அதுல இருபது சொல்லு. அன்பு, நேர்மை, உழைப்பு, குடும்பம், பக்தி, இப்படி. முதல்ல பத்தை அடிக்கணும். அப்புறம் அஞ்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு மிஞ்சணும். அதான் நீங்களாம்.

எனக்குக் கடைசியா ரெண்டு நின்னுச்சு. ‘குடும்பம்’, ‘சொன்ன சொல் தவறாமை’. பக்கத்துல இருந்த மெஷின் பிட்டர் குடும்பத்தைத்தான் வச்சிருந்தான். வாட்ச்மேனும் அதான். குடும்பம் எல்லாருக்கும் இருக்குல்லா சார், அதைத் தனியா வேற எழுதிக்கிடணுமான்னு தோணுச்சு. அதை அடிச்சேன். ஒரே கோடு.

அந்த அம்மா என் தாளைப் பாத்தாங்க. என்னை எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. “இவரைப் பாருங்க, இவருக்குத் தன்னைப் பத்தித் தெளிவா தெரிஞ்சிருக்கு”ன்னாங்க. நூத்திப்பத்து பேரு சார், கை தட்டினாங்க. முப்பத்தோரு வருஷத்துல அந்த மில்லுல எனக்கு யாரும் கைதட்டினது இல்ல. சேலஞ்ச் பண்ணிச் சொல்லுதேன், ஒருத்தரும் இல்ல. நான் ஒரு மாதிரி ஆயிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மிஞ்சின அந்த ஒரு சொல்லை அட்டையா அடிச்சு, பிளாஸ்டிக் உறை போட்டுக் குடுத்தாங்க. இந்தா, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். பாருங்க. ஓரம் கொஞ்சம் வேர்வையில ஊறிப்போச்சு.

அந்த வாரமே வடிவு போன் பண்ணுதா. “பூண்டுக் குழம்பு வச்சிருக்கேண்ணே.” எனக்குக் கால் பரபரங்கு. ஆனா அட்டை இருக்கே. நான் யாருன்னு அதுல எழுதியிருக்கே. கோபம் வந்தா ‘எனக்குக் கோபம் வருது’ன்னு தனக்குத்தானே சொல்லிப் பாக்கணும்னு அந்த அம்மா சொல்லிக் குடுத்திருந்தாங்க. சொல்லிப் பாத்தேன். கோபமே இல்ல சார். தேடிப் பாத்தேன், துளி இல்ல. அப்பப் பாத்துக்கிடுங்க, இது வெறும் கோபம்னா தணிஞ்சதும் போயிருப்பேன். இது கொள்கை. வரமாட்டேன்னுட்டேன். “வாசலுக்கு வெளிய வச்சே ஊத்துதேண்ணே”ன்னா. அது வேண்டாம்னேன். என் வீட்டுக்காரி அந்த அட்டையைத் தூக்கி அடுப்புல போடுங்கன்னா. அவளுக்கு இதெல்லாம் புரியாது.

அப்புறம் தை வந்துச்சு. நோவு வந்துச்சு.

நான் விட்டுட்டெல்லாம் இருக்கல சார், தப்பா நினைக்காதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை தவறல. முதல்ல எல்லாம் அவளே வாசலுக்கு வந்துருவா. வாசப்படிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், நின்னே பேசுவோம். மாசிக்கு நிக்க முடியல, நாற்காலி போட்டாங்க. பங்குனிக்கு எந்திரிக்கவே முடியல. அப்ப அவதான் சொல்லியிருக்கா, கட்டிலைத் திருப்பிப் போடுங்க, கால் வாசலைப் பாத்து இருக்கட்டும்னு. அண்ணன் பஸ் ஸ்டாப்புல உக்காந்தா என் காலையாவது பாத்துக்கிடட்டும்னு. அன்னையில இருந்து நான் இங்க. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வருவேன், ஒரு மணிக்குப் போவேன். நான் வந்துட்டேன்னு மாலினி சொன்னதும், அவ பெருவிரலை மட்டும் ஆட்டுவா. லாரி மறைச்சா மறைச்சதுதான், போற வரைக்கும் காத்திருக்கணும்.

கொல்லைப்புறமா வாங்க மாமான்னு மாலினி ஒரு தடவை கூப்பிட்டா. அது குறுக்கு வழிம்மான்னேன். அந்தப் பிள்ளை காபி டம்ளரை என் கையில குடுத்துட்டு, இந்தா இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

போன ஞாயித்துக்கிழமை மாலினி வந்து சொல்லுதா, “மாமா, அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. கோடிச் சேலையை இப்பவே கொண்டு வரணுமாம்.” உங்க ஊருப் பக்கம் இந்த வழக்கம் உண்டா சார்? கட்டிக் குடுத்த பொண்ணு செத்துப்போனா, பிறந்த வீட்டுச் சேலை போத்தித்தான் எடுப்பாங்க. கூடப் பிறந்தவன்தான் கொண்டு வரணும். அதான் கோடி. அதை உசிரோட இருக்கிறவ கேக்கா! “செத்தப்புறம் கொண்டு வந்தா அதை நானா பாக்கப் போறேன், எப்பவும் ஊதா ஊதான்னு எடுத்துட்டு வருவான், நிறம் பிடிச்சிருக்கான்னு நான் பாக்கணும்”னு சொன்னாளாம். இன்னொண்ணும் சொன்னாளாம். “எப்படியும் என்னை வெளிய தூக்கிட்டு வந்து பந்தல்ல கிடத்துவாங்க, அப்ப வாசப்படி மிதிக்காமலே பாத்துக்கிடலாம்னு உங்க மாமா இருக்கான், எனக்குத் தெரியும்”னு.

அவளுக்கு எப்படித் தெரிஞ்சது சார்? நான் வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லல. நெசமாவே நான் அதை நினைச்சு வச்சிருந்தேன். ராத்திரி படுத்தா அந்தக் கணக்குத்தான் ஓடும். வெளிய கொண்டு வந்துருவாங்கல்லா, அப்ப போயிரலாம்னு. கூடப்பிறந்தவன் நினைக்கிற நினைப்பா அது? தூ.

வியாழக்கிழமை மாப்ள போன் பண்ணாரு. திருமலைக்குமாரு. அவரு எங்கிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு. “மச்சான், வாசப்படியை அறுத்தாச்சு, வாங்க”ன்னாரு. எனக்கு முதல்ல விளங்கல. நிலைப்படி சார். தேக்குக் கட்டை. வெள்ளிக்கிழமை தவறாம வடிவு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற படி. குடியிருக்கிற வீட்டுல அதைப் போயி யாராவது கை வைப்பாங்களா? ஆசாரி மாட்டேன்னு சொல்லியிருக்காரு. சீக்காளி கிடக்கிற வீடு, ஆகாதுன்னு. இவரு கையைப் பிடிச்சுக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து அறுக்க வச்சிருக்காரு. “நீங்க சொன்ன சொல்லு நிக்கட்டும் மச்சான். இப்ப மிதிக்கிறதுக்குப் படியே இல்ல. அவ முகத்தை வந்து பாருங்க”ன்னாரு. போன்ல அழுகிற சத்தம் கேட்டுச்சு. அந்த மனுசன் அழுது நான் கேட்டதே இல்ல.

நல்லாப் பாருங்க, கதவுக்குக் கீழ. ரெண்டு பக்கமும் கட்டை நுனி நிக்குதா? நடுவுல சிமெண்டு பேந்து கிடக்கா? அவ்வளவுதான். ஆனா வீட்டு ஆளுங்க பழக்கத்துல இன்னும் காலைத் தூக்கித்தான் தாண்டுதாங்க. இல்லாத படியைத் தாண்டுதாங்க. சித்த முன்ன மாலினி காபி கொண்டு வரும்போது, தாண்டிக் காலை வச்சவ பேந்த சிமெண்டுல இடிச்சிக்கிட்டா. பெருவிரல்ல ரத்தம்.

இன்னைக்குக் காலையில இங்க இறங்கும்போது ஏழரை மணி சார். ஒம்பதுக்கு வாரவன் ஏழரைக்கே வந்துட்டேன். கையில இந்தப் பை. சேலை. நானே கடைக்குப் போயி எடுத்தேன். அரக்கு நிறம், கரையில மாங்காய். ஊதா எடுக்கல. கட்டினா நல்லா இருக்கும் அவளுக்கு. கட்டினா.

ரோட்டுல பாதி வரைக்கும் போனேன் சார். அந்த வெள்ளைக் கோடு வரைக்கும். தடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. படி இல்ல, சொல்லுக்குப் பங்கம் இல்ல, மாப்ள வாசல்ல நின்னு கையைக் கூப்புதாரு. கால் போகல. அந்த இடத்துலயே நின்னேன். ஒரு டெம்போக்காரன் ஏசிட்டுப் போனான். திரும்பி வந்து உக்காந்துட்டேன். அப்புறம் ரெண்டு தடவை எந்திரிச்சேன். மூணாவது தடவை எந்திரிக்கவும் முடியல.

சொல்லிப் பாத்தேன் சார். அந்த அம்மா சொல்லிக் குடுத்த மாதிரி. எனக்கு இப்ப என்ன வருதுன்னு கேட்டுப் பாத்தேன். கோபம்? இல்ல. ரோசம்? இல்ல. அட்டையை எடுத்துப் பாத்தேன். அதுல அந்த ஒரு சொல்லுதான் இருக்கு. மீதி பத்தொம்பதும் அடிச்சாச்சே. பயம் சார். பயமா இருக்கு. முகம் எலும்பாப் போச்சு, அடையாளமே தெரியலன்னு மாலினி சொன்னா. இங்கயிருந்து பாத்தா பாதம் மட்டுந்தான். பாதம் அப்படியேதான் இருக்கு, அவ பள்ளிக்கூடத்துக்கு என் பின்னால ஓடி வந்த பாதம். முகத்தைப் பாக்காத வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு இருக்கலாம்லா. நான் நாலு மாசமா இங்க உக்காந்திருக்கிறது சொல்லுக்காகவா, இதுக்காகவான்னு இப்ப எனக்கே தெரியல. கைதட்டினாங்களே, நூத்திப்பத்து பேரு. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

இல்ல இல்ல, அப்படியெல்லாம் இல்ல. வெயிலு ஜாஸ்தி, காலையில சாப்பிடல, அதான் என்னவோ பேசுதேன். வாக்கு தவறாதவன் சார் நான். மில்லுல வந்து கேட்டுப் பாருங்க.

சார், நீங்க ஒண்ணு செய்வீங்களா?

இந்தப் பையை உள்ள கொண்டு போயி அவகிட்ட குடுக்கீங்களா? நீங்க போகலாம். நீங்க எந்தச் சொல்லும் சொல்லல, உங்களுக்கு அவ யாரோ. உங்களால பாக்க முடியும். யாருன்னு கேட்டா, அண்ணன் அனுப்பினாருன்னு சொல்லுங்க. சேலையைப் பிரிச்சுக் காட்டுங்க, மடிப்போட குடுத்தா அவளால பிரிக்க முடியாது. நிறம் பிடிச்சிருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். பிடிச்சிருக்கு, பிடிக்கல, அது போதும். பஸ் வந்தா நான் நிறுத்தி வைக்கேன். டிரைவரு எனக்குப் பழக்கந்தான், நான் சொன்னா நிப்பாரு.

பெரிய மனசு சார். உங்க டூல்ஸ் பையை நான் பாத்துக்கிடுதேன். லாரி போகட்டும். இப்பப் போங்க, இப்ப ரோடு சும்மா கிடக்கு. சார்! செருப்பை வெளியவே விட்டுருங்க. கதவுகிட்ட மட்டும் கீழ பாத்துப் போங்க. படி இருந்த இடம் சார். அங்க தட்டும்.